மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

ஜப்பானுக்குப் போகிறேன் என்றதும் எங்கள் பிளாக்கில் எல்லோரும் கேட்டது, அங்கே என்ன சாப்பிடுவீர்கள் என்பதுதான். பச்சை மீன் தின்பார்களாமே என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா முகத்தைச் சுளித்தார். கடலூர்க்காரி எனக்கு மீன் ஒரு பிரச்சினையில்லை. எனக்கிருந்த கவலை வேறு. அது என் கணவருக்கு மட்டும்தான் தெரியும்.

நெய்வேலியில் நான் ஆங்கில ஆசிரியை. எண்பதுகளின் நடுவில், வெளிநாட்டு ஆசிரியர்களை அழைத்துப் பள்ளிகளைக் காட்டும் ஒரு நட்புச் சங்கத்தின் பட்டியலில் எப்படியோ என் பெயரும் வந்துவிட்டது. எட்டு ஆசிரியர்கள், பத்து நாட்கள். பெயர் வந்த அன்று எனக்குச் சந்தோஷத்தைவிட நடுக்கம்தான் அதிகமாக இருந்தது. காரணம், ஆறு வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஊருக்கு வந்துபோன குரோகி என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர்.

குரோகி உலகம் முழுக்க நிலக்கரி எடுக்கும் ஊர்களுக்குப் போய்ப் புத்தகம் எழுதுகிறவர். அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஆங்கிலம் தடுக்கித் தடுக்கிப் பேசுவார். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் ஆள் வேண்டுமென்று என்னை ஒரு வாரம் கூட அனுப்பினார்கள். கடைசி நாள் வடக்குத்து என்ற பக்கத்து ஊரில் ஒரு சுரங்கத் தொழிலாளி வீட்டுக்குப் போனோம். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. சைக்கிள்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓய்வு பெற்றாகிவிட்டது, “இனிமே எழுதுங்க டீச்சர்” என்று சொல்லியும் விட்டார். இருந்தாலும்.

அன்று மூன்று மணி நேரம் பேசினார். குரோகி கேட்ட விதம் அப்படி. குறுக்கே பேசமாட்டார், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். பேச்சுவாக்கில் சைக்கிள்காரர் சொன்னார்: வேலைக்கான ஆர்டர் வந்தது அவருடைய அண்ணன் பேருக்கு. சேருவதற்குப் பத்து நாள் முன்னால் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் ஐந்து வயிறு. தம்பி அண்ணன் பேரில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

“மைன்ஸ்ல எங்க அண்ணன் உசுரோட இருந்துகினு வேல செய்யறான் டீச்சர். செத்துட்டது நாந்தான்” என்றார்.

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். குரோகியின் பேனா நின்றது, பிறகு வேகமாக ஓடியது. நான் அழகாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று ஒரு பெருமை எனக்கு. உடனே சைக்கிள்காரர் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு, “இத மட்டும் எழுத வாணாம்னு சொல்லிடுங்க டீச்சர். வேல பூடும்” என்றார். அதே நேரம் வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. குரோகி எழுந்து கும்பிட்டார். ஜீப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஜீப்பில் அவர் வேறு எதையோ கேட்க, நான் வேறு எதையோ சொல்ல, மறந்தே போனேன்.

இரண்டு நாள் கழித்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது. கட்டை மூடிவிட்டுக் குரோகிக்குக் கடிதம் எழுதினேன். முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அதற்குப் பிறகு சைக்கிள்காரரை மார்க்கெட்டில் பார்த்தால் நான் வேறு வரிசைக்குப் போய்விடுவேன். என் பயணத்துக்கு முந்தைய வருடம் ஜப்பானிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர், “உங்கள் ஊரைப் பற்றி எங்கள் நாட்டில் ஒரு புத்தகம் வந்திருக்கிறது, இங்கிலீஷிலும் வரப்போகிறதாம்” என்று எங்கள் பள்ளி விழாவில் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டோக்கியோவில் இறங்கிய முதல் நாள் முழுக்கச் செருப்பை மாற்றுவதிலேயே போயிற்று. வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, கழிப்பறைக்குத் தனியாக ஒன்று. கழிப்பறைச் செருப்போடு நான் சாப்பாட்டு அறைக்கு வந்துவிட்டேன். பரிமாறிய பெண் என் காலைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்குத் துணையாக வந்த மிச்சிகோ என்ற பெண் மெதுவாக என் காதில் சொன்னாள். மிச்சிகோவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், கல்லூரியில் ஆங்கிலம் படித்தவள், எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்பாள். நான் செய்த தப்புக்கும் அவளே மன்னிப்புக் கேட்டாள்.

சோறு குழைவாக இருந்தது. பழையதைப் பிழிந்து வைத்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன், ஆனால் வாய்க்குப் பிடித்துவிட்டது. கடற்பாசியைப் போட்டு ஒரு சூப். மீனைப் பச்சையாக அல்ல, உப்புப் போட்டுச் சுட்டுத்தான் கொடுத்தார்கள். பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மாவுக்குச் சொல்ல நல்ல சேதி.

இரண்டாம் நாள் ஒரு ஆரம்பப் பள்ளி. மதியம் பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு வகுப்புக்குச் சாப்பாடு பரிமாறினார்கள். சாப்பிட்டதும் துடைப்பத்தை எடுத்து அவர்களே கூட்டினார்கள். எங்கள் பள்ளியில் இதைச் செய்யச் சொன்னால் மறுநாள் காலை பெற்றோர் கேட்டில் நிற்பார்கள் என்றேன். தலைமையாசிரியர் அதை நான் பாராட்டியதாக எடுத்துக்கொண்டு மிகவும் குனிந்து வணங்கினார்.

அன்று சாயங்காலம் மிச்சிகோவிடம் குரோகியின் பெயரைச் சொன்னேன். “அவரா? என் அப்பா அவருடைய புத்தகம் எல்லாம் வைத்திருக்கிறார்” என்று என்னைப் புத்தகக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் பள்ளி நூலகத்தைப் போல இருபது மடங்கு பெரிய கடை. நின்றபடியே படிப்பவர்களை யாரும் விரட்டவில்லை. மிச்சிகோ ஒரு புத்தகத்தை உருவினாள். உள்ளே நெய்வேலி. ராட்சதச் சக்கரம் வைத்த இயந்திரம், கன்வேயர் பெல்ட், சைக்கிள்களாக நிறைந்த ஷிஃப்ட் நேரத்துச் சாலை. அடுத்த பக்கத்தில் ஒரு ஆள் சைக்கிளில் போகிற படம், முதுகுப் பக்கமிருந்து எடுத்தது. கேரியரில் துண்டால் கட்டிய தூக்குச்சட்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முகம் இல்லை. மூச்சு கொஞ்சம் வந்தது.

ஆனால் எழுத்து? பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி வீடுகள் வரைந்த மாதிரி இருந்தது. அதில் எங்கோ ஒரு ஆளின் வேலை இருக்கிறது, போகிறது, எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் முதல் தடவையாக எழுத்துத் தெரியாதவளாக நின்றேன்.

மிச்சிகோவிடம் நேராகக் கேட்கவும் வழியில்லை. அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று கேட்டால், நானே ரகசியத்தை இன்னொருவரிடம் சொன்னதாகிவிடும். “எங்கள் ஊர் அத்தியாயம் முழுக்கப் படித்துவிட்டுச் சொல், ஒன்றும் விடாதே” என்றேன்.

மூன்றாம் நாள் காலை ரயிலில் ஒரு மலை ஊருக்குப் பயணம். மிச்சிகோ என் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். பக்கம் பக்கமாகத் தாளில் குறித்து வைத்திருந்தாள், பாவம். பெயர் எங்கும் இல்லை, “சைக்கிளில் போகிறவர்” என்றுதான் இருக்கிறது என்றாள். அவருடைய முந்திரி மரங்கள், மனைவி வைத்த மீன் குழம்பு, காரத்தில் குரோகிக்குக் கண்ணில் நீர் வந்தது எல்லாம் இருந்தது. பிறகு, “இங்கே அவருடைய அண்ணனைப் பற்றி வருகிறது” என்றாள்.

அந்த நேரம் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். மிச்சிகோ திடுக்கிட்டு எழுந்தாள். “மன்னியுங்கள், நாம் முன் பெட்டிக்கு மாற வேண்டும், மற்றவர்களை அங்கே விட்டுவிட்டு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன்” என்று புத்தகத்தோடு ஓடினாள். வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்றது. ஜன்னலோரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பியதும் பார்த்தால் முன் பெட்டிகளைக் காணோம். வண்டியை நடுவில் வெட்டி, முன் பாதி ஒரு திசையிலும் பின் பாதி இன்னொரு திசையிலும் போகிற ஏற்பாடாம். மிச்சிகோவும் அண்ணனும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

எதிரே ஒரு பெரியவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என் டிக்கெட்டைக் காட்டினேன். பார்த்தார், ஜன்னலைக் காட்டினார், கையால் இரண்டு பாதை வரைந்து காட்டினார், பிறகு பாதி ஆரஞ்சை என் கையில் வைத்தார். அடுத்த ஸ்டேஷனில் என்னை இறக்கி, தானும் இறங்கி, ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த வண்டிக்காகத் தனியாக நின்றுகொண்டிருந்தார். விருத்தாசலம் ஜங்ஷனில் வழி தவறிய ஒரு ஜப்பான்காரிக்காக யாராவது இப்படித் தன் வண்டியை விட்டு இறங்குவார்களா என்று யோசித்தேன். இறங்குவார்கள் என்றுதான் தோன்றியது. ஊர்க் கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டு இறங்குவார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் சர்க்கரை போடாத பச்சைத் தேநீர் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் அந்தச் சின்ன அறையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணனைப் பற்றி என்ன வருகிறது? அந்த ஒரு வரி அச்சாகியிருந்தால் சைக்கிள்காரரின் பெண்ணுக்கு நடந்த நிச்சயம் என்ன ஆகும்? அந்த வீட்டு வாசலில் போய் நான் எப்படி நிற்பேன்?

மிச்சிகோ ஓடி வந்தாள். அழுதிருந்தாள். நூறு தடவை மன்னிப்புக் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணன்?” என்றேன். அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. பிறகு புத்தகத்தைத் திறந்து படித்துச் சொன்னாள்: “அவருக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது இறந்துபோன அண்ணன். இன்றும் மேட்டில் ஏறும்போது பின்னால் யாரோ பிடித்திருக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். அடுத்தது மழைக்காலம் வந்துவிடுகிறது.”

அந்த பிளாட்ஃபாரத்தில் நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டரே வெளியே வந்துவிட்டார். அன்று மதியம் மலை ஊரில் கொடுத்த கோதுமை நூடுல்ஸ் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பசித்தது.

இருந்தாலும் ஆங்கிலப் புத்தகம் வரப்போகிறதே. பதிப்பகத்துக்கு மிச்சிகோ போன் செய்து குரோகியின் வீட்டைக் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை போனோம். புறநகரில் தீப்பெட்டி அடுக்கிய மாதிரி குடியிருப்புகள், சுவரில் பெரிதாக எண். எங்கள் பிளாக்கைத் தூக்கி நிறுத்தியது போல இருந்தது, மரங்கள்தான் குறைவு. குரோகி வாசலிலேயே நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. “மீன் குழம்பு!” என்று சொல்லிக் கண்ணைத் துடைக்கிற மாதிரி காட்டினார்.

உட்கார்ந்ததும் மிச்சிகோ இருப்பதையும் பாராமல், தேநீர்கூடத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். “அவர் சொன்ன கடைசி வாக்கியத்தை நான் உங்களிடம் சொல்லவில்லை. ஆறு வருடமாகிறது” என்றேன். மிச்சிகோ தலையைக் குனிந்துகொண்டாள்.

குரோகி இந்தத் தடவை ஜப்பானிய மொழியிலேயே பேசினார். மிச்சிகோ சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

இருபத்தாறு வயதில் அவர் கியூஷுத் தீவில் ஒரு சிறு பத்திரிகையின் நிருபர். நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் தீ. இறந்தவர்களின் வீடு வீடாகப் போனார். தொமி என்ற ஒரு பெண் பேசினார். அந்த ஷிஃப்ட் அவருடைய கணவருக்கானது இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் குடித்துவிட்டுக் கிடந்ததால், அவருக்குப் பதிலாகப் போனவர். சொல்லி முடித்ததும், “இதை எழுதாதீர்கள், அவர்கள் இதே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்” என்றார் தொமி.

“எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் யாரும் நடுவில் இல்லை” என்றார் குரோகி. “எழுதினேன். முதல் பக்கத்தில் வந்தது. ஆசிரியர் என் தோளைத் தட்டினார். ஒரு மாதத்தில் தொமி இரண்டு பிள்ளைகளோடு அந்த வரிசை வீட்டை விட்டுப் போய்விட்டார். அக்கம்பக்கத்தில் யாரும் அவரோடு பேசவில்லை. சொல்லியிருக்கக்கூடாது என்றார்களாம்.”

அதன் பிறகு எதை எழுத உட்கார்ந்தாலும் அந்தச் சுவர்தான் கண்ணுக்குத் தெரிந்தது என்றார். பத்திரிகையை விட்டார். மீன் சந்தையில் பெட்டி இறக்கினார். அவர் மனைவி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மணிச்சட்டத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வீட்டை ஓட்டினார். மூடிப்போன சுரங்க ஊர்களைப் பற்றி எழுதிய முதல் புத்தகத்தை யாரும் சீண்டவில்லை. இரண்டாவதை எழுதிக்கொண்டிருந்தபோது, தொமி ஓசாகாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார் என்று தெரிந்தது. போய் மதியச் சாப்பாடு வாங்கினார், பேச வாய் வரவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பொட்டலத்தை நீட்டியபடி தொமியே பேசினார்.

“நீ நன்றாகத்தான் எழுதுகிறாய். அடுத்த தடவை அச்சுக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் கொண்டு வா.”

அன்றிலிருந்து குரோகியின் எல்லாக் கையெழுத்துப் பிரதிகளும் முதலில் ஓசாகாவுக்குத்தான் போகின்றன. தொமி நீலப் பென்சிலால் கோடு போடுவார். பதிப்பாளர்கள் கோபித்துக்கொண்டார்கள், தேதி தப்பியது, ஒரு புத்தகம் ஒரு வருடம் நின்றே போனது. அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

“அப்படியானால் எங்கள் ஊர்…” என்றேன்.

அவர் எழுந்து போய் ஒரு கட்டு தாள் எடுத்து வந்தார். நெய்வேலி அத்தியாயம். ஒரு பக்கத்தில் நாலு வரியைச் சுற்றி நீலக் கோடு, ஓரத்தில் நீல எழுத்தில் ஏதோ.

“அண்ணன் உயிரோடிருக்கிறான், செத்தது நான்தான். இந்த வாக்கியத்தை எழுதியிருந்தேன். பெயர் போடவில்லையே, பரவாயில்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த வாக்கியங்களில் அதுதான் சிறந்தது” என்றார் குரோகி.

“ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறார்?”

மிச்சிகோ படித்தாள். “இதைச் சொன்ன பிறகு அந்த மனிதர் என்ன சொன்னார்?”

அதைப் படித்த பிறகுதான் அந்த வீடு அவருக்கு மறுபடி நினைவுக்கு வந்ததாம். சேர்த்துப் பிடித்த இரண்டு கை. ஹாரன் சத்தம். நான் வாயைத் திறந்து மூடியது. “நீங்கள் சொல்லாமல் விட்டது என்ன என்று தெரிந்துபோயிற்று. அதே வாக்கியத்தை நான் கியூஷுவில் கேட்டிருக்கிறேன். நாலு வரியையும் எடுத்துவிட்டேன். ஆங்கிலத்திலும் இராது” என்றார்.

நான் அழுதேன். குரோகியின் மனைவி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அழுகை கேட்டுச் சமையலறையிலிருந்து வந்தவருக்கு என்ன விஷயம் என்றே தெரியாது. குரோகி உடனே ஓசாகாவுக்கு போன் போட்டார். கொஞ்சம் பேசிவிட்டு, ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அந்த மனிதர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று கேட்கிறார்.”

“இருக்கிறார்” என்றேன். “போன மாதம் பெண்ணுக்கு நிச்சயம் செய்தார்.”

ரிசீவருக்குள் ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. சின்னக் குரல், கொஞ்சம் கரகரப்பு. “நல்லது” என்றாராம். அவ்வளவுதான்.

மீதி நாட்களில் நான் கோயில் பார்த்தேன், தோட்டம் பார்த்தேன், கடைத்தெருவில் வீட்டுக்காரருக்கு ஒரு குடை வாங்கினேன். எதுவும் இங்கே எழுதும்படியாக இல்லை. நன்றாகத் தூங்கினேன் என்பதைத் தவிர.

ஊருக்குத் திரும்பிய வாரமே, சைக்கிள்காரரின் வார விடுமுறை எது என்று விசாரித்துக்கொண்டு வடக்குத்துக்குப் போனேன். அவரும் மனைவியும் முந்திரிக் கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“நீங்க அன்னிக்கே சொல்லிட்டிருப்பீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன் டீச்சர்” என்றார்.

“சொல்லல. மன்னிச்சிடுங்க.”

அவர் மறுபடி முந்திரியைக் கிளறினார். மனைவிதான் பேசினார். “வுடுங்க டீச்சர். இவுரு நல்லாத் தூங்கிகினுதான் இருந்தாரு. நீங்கதான் தூங்கல போலருக்குது.” பிறகு மோர் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து சைக்கிள்காரர் கேட்டார்: “அந்தப் பென்சிலு போட்ட அம்மா… அவங்க வூட்டுக்காரரு இன்னொருத்தருக்குப் பதிலா எறங்கினவருன்னீங்களே?”

“ஆமா.”

“அவங்களுக்கு எதுனா அனுப்பணும் டீச்சர்.”

நாலு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தார், வறுத்துத் தோல் நீக்கிய முந்திரிப் பருப்பு, தகர டப்பாவில். மனைவி மேலே துணி வைத்துத் தைத்திருந்தார். குரோகி கொடுத்த ஓசாகா முகவரியை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். நகரியத்துத் தபாலாபீஸ் வேண்டாம், அங்கே எல்லாரும் ஷிஃப்ட்டில் பார்க்கிற முகம் என்றார். பஸ் ஏறி வடலூருக்குப் போனோம்.

கவுன்ட்டரில் கூட்டம். எங்கள் முறை வந்தபோது கிளார்க் டப்பாவை எடை போட்டு, ஒரு படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“அனுப்பறவங்க பேரு?”

நான் என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். சைக்கிள்காரர் என்னைத் தாண்டிக் கம்பிக்கு அருகே போய், அம்மா அப்பா வைத்த தன் பெயரைச் சொன்னார். ஆபீஸ் வரிசையில் நின்று ஒரு நாளும் சொல்லாத பெயர்.

“காதுல விழல. சத்தமா சொல்லுங்க” என்றார் கிளார்க்.

சத்தமாகச் சொன்னார்.